பிரிபடாத பெயர்

வீதிகளுக்குப் பெயரிடுவது பற்றிய சுற்றுநிருபத்தில் எங்களைப் பிடித்த பந்தியில் இருந்தவை மூன்றே வாக்கியங்கள். பெயர் இறந்த ஒருவருடையதாக இருக்க வேண்டும். அவருடைய இறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி இணைக்கப்பட வேண்டும். ஒரு சபையின் எல்லைக்குள் ஒரே பெயரில் இரண்டு வீதிகள் இருக்கக் கூடாது. இதைவிடச் சுருக்கமாக அரசாங்கம் எதையும் சொல்லி நான் கண்டதில்லை. கிராமசபைச் செயலாளராக இருந்த காலத்தில் அந்தப் பந்தியைப் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். இரண்டாம் வாக்கியத்தில் பாதிப்பேர் கதிரையை விட்டு எழும்பிவிடுவார்கள். சுற்றுநிருபங்களின் முதற் பயன் அதுதான்.

எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் ஊரில் ஒரு பெயருக்கு ஒரு ஆள் இருப்பான் என்று நம்பி எழுதியிருக்கிறார். எங்கள் ஊரை அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊருக்குப் பருத்தித்துறையிலிருந்து கடற்கரையோரமாக பஸ் வரும். வடக்கே கடல், தெற்கே தோட்டக் காணிகள், நடுவில் கோயில். கோயிலில் இருக்கிறவருடைய பெயரையே வீட்டின் முதல் ஆண்பிள்ளைக்கு வைப்பது வழக்கம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளையைக் கொண்டுபோனால் ஐயர் என்ன பெயர் என்று கேட்க மாட்டார். "முதல் பெடியனோ?" என்பார். ஓம் என்றால் முடிந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், நீர் எழுதினது எங்கடை ஆளையோ அவையின்ரை ஆளையோ என்று கேட்டுக் கடிதங்கள் வரும். ஓய்வு பெற்றவன் கடிதங்களுக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டவன் அல்லன். எனக்கும் அதுதான் பெயர் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சாமியின் பெயரைச் சொல்லி ஒருவனை ஏசக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே பெயர் சாதகத்திலும் பள்ளிக்கூட இடாப்பிலும் பத்திரமாக இருக்கும். வாயில் புழங்குவது தொழில். வெளியூர் ஆள் யாராவது பஸ்ஸில் ஏறி இன்னாரின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பெயரைச் சொன்னால், கொண்டக்டர் சீட்டுக் கிழிக்க முதல் கேட்பார்: "எந்த ஆள்? நாயனமோ, கணக்கோ, கப்பலோ, சவாரியோ, கண்ணோ?" ஓர் ஊரைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருப்பது பெருமையா இல்லையா? சபைக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், இருந்த என்னைத் தேடி வருகிறவர்களுக்குக் "கந்தோரோ?" என்று ஆறாவதாக ஒன்று சேர்க்க வேண்டும். பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

நாயனக்காரர் வாசித்தால் சுன்னாகத்துச் சந்தைக்கு வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்புகிற லொறிகள் வீட்டுக்குப் போகாமல் எங்கள் கோயில் வீதியில் வந்து நிற்கும். தேர் வடமேற்கு மூலைக்கு வந்ததும் கடற்காற்று அடிக்கும். மற்ற வித்துவான்கள் அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி மூலை திரும்பிய பிறகு தொடங்குவார்கள். அவர் அங்கேதான் தொடங்குவார். காற்றுக்கு முதுகைக் காட்டி, தேரைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்துகொண்டு வாசிப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில்களிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. போனார், சால்வையோடு வந்தார், அடுத்த நாள் எங்கள் கோயில் மாலைப் பூசைக்கு வழக்கம்போல் வாசித்தார்.

கணக்கு வாத்தியாரிடம் நானும் படித்தவன். அவர் அடித்ததில்லை. தாளைத் திருப்பித் தரும்போது ஓரத்தில் 'சுற்றிப் போயிருக்கிறாய்' என்று எழுதியிருப்பார். விடை சரியாக இருந்தாலும் எழுதுவார். அந்த ஒரு வரி வாங்கியவர்கள் பின்னர் பாலம் கட்டினார்கள், கோலாலம்பூரில் ரயில் பாதை பார்த்தார்கள், இலண்டனில் பேராசிரியரானார்கள். நான் அரசாங்கத்தில் சேர்ந்தேன். சுற்றிப் போவதற்குச் சம்பளம் தருகிற ஒரே இடம் அது.

தண்டயல் என்றால் பாய்க்கப்பலை நடத்துகிறவர். எங்கள் தண்டயல் ஓட்டுக்கும் அரிசிக்கும் தேக்குக்கும் இந்தியக் கரையான அக்கரைக்கும் பர்மாவுக்கும் போய்வந்தவர். வாத்தியாரும் அவரும் கூட்டாளிகள். பின்னேரங்களில் கடற்கரை மணலில் இருந்துகொண்டு, வாத்தியார் வெண்கட்டியால் ஒரு தோணியின் பக்கத்தில் கணக்குப் போடுவார். தண்டயல் வெள்ளிக்கு நேரே விரல்களை நீட்டி அளந்து விடை சொல்லுவார். விடை ஒத்துவந்தால் இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

சவாரிக்காரரின் மாடுகளை மாட்டுவண்டிச் சவாரியில் முந்தியவர் வடமராட்சியில் இல்லை. கண் டொக்டர் கொழும்பில் இருந்தார். கரவெட்டியிலிருந்து கூடக் கண் தெரியாத கிழவர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு அவரிடம் போவார்கள். நான் சொல்லவரும் காலத்தில் நாயனக்காரரும் வாத்தியாரும் காலமாகியிருந்தார்கள்; இந்த இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஆகவே வீதிக்குத் தகுதி இல்லை. நானும் அதே காரணத்தால் தகுதி இழந்தவன். வேறு காரணங்களை ஆராய வேண்டி வரவில்லை.

இனி ஒழுங்கை. கோயிலடியில் பெரிய வீதியிலிருந்து பிரிந்து, தோட்டக் காணிகளின் ஓரமாகப் போய், கடற்கரையில் முடிகிற ஒழுங்கை. நடுவில் தண்டயல் வீட்டு மூலையில் ஒரு முடக்கு. அந்த முடக்கில் கார் திரும்பாது. கரையோரத்துப் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டால், கதிரையில் இருத்தி நாலுபேர் தூக்கிக்கொண்டு பெரிய வீதிக்கு வந்து, அங்கிருந்து பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றுவார்கள். அந்தக் கதிரைக்குப் பின்னால் நடந்து வருகிறவர் எங்கள் பகுதி மருத்துவமாது. தண்டயலின் ஒரே மகள்.

அறுபத்தேழாம் ஆண்டில் ஒரு நாள் அவர் கந்தோருக்கு வந்தார். கையில் வேலைப் பெட்டி. முன்னாலிருந்த கதிரையில் இருக்கவில்லை.

"அண்ணை, எங்கடை வேலியை உள்ளுக்கு எடுக்கிறன். கார் திரும்புற அளவுக்கு. வந்து அளந்து சொல்லுங்கோ."

யாழ்ப்பாணத்தில் ஒரு வேலிக் கதியால் வெளிப்பக்கமாக நகர்வது இயற்கை. அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போன குடும்பங்கள் எங்கள் சபை எல்லைக்குள்ளேயே இருந்தன. உள்பக்கமாக நகர்ந்ததற்கு என் கோவைகளில் ஓர் உதாரணமும் இல்லை.

"என்ன பிள்ளை, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

"எனக்கு ஒண்டுமில்லை. ஒழுங்கைக்கு அப்பான்ரை பெயரை வையுங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

நான் அலுமாரியைத் திறந்து சுற்றுநிருபத்தை எடுத்து வாசித்தேன். இரண்டாம் வாக்கியத்தில் அவர் எழும்பிப் போகவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

"சான்றிதழ் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். ஊருக்கே தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழியில் அக்கரைக்குப் போன கப்பல் திரும்பவில்லை. பலகை ஒன்றும் கரையொதுங்கவில்லை, செய்தி ஒன்றும் வரவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் ஒவ்வொன்றாக அழுது முடித்துக் கிரியை செய்தார்கள். தண்டயல் வீட்டில் செய்யவில்லை. அவருடைய மனைவி பொட்டு வைத்தார், நிறச் சேலை கட்டினார், வெள்ளிக்கிழமை தாலிக்குக் குங்குமம் வைத்துக் கோயிலுக்கு வந்தார். முதலில் ஊர் அதைப் பற்றிக் கதைத்தது. பிறகு கதைப்பதை விட்டது.

"ஏழு வருசம் தாண்டியிட்டுது," என்றேன். "கோட்டிலை ஒரு மனுப் போட்டால் இறந்தவராகக் கொள்ளலாம் எண்டு கட்டளை எடுக்கலாம். பிறகு பதிவு லேசு. மனுவை நானே எழுதித் தாறன்."

"எடுக்கலாம். எடுத்துக் கொண்டுவந்து அம்மாட்டை ஆர் காட்டுறது? நீங்களோ?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நடைமுறை தெரியாதபோது அதைச் செய்வது என் வழக்கம்.

"ஒரு கடதாசியைக் கொண்டு அவவின்ரை பொட்டை நான் அழிக்க மாட்டன் அண்ணை. ஆனா நான் இப்ப கையிலை எடுக்கிற பிள்ளையள் தண்டயல் எண்டா ஆரெண்டு கேக்கப் போகுதுகள். அதையும் பாத்துக்கொண்டு இருக்க மாட்டன். நீங்கள் எல்லாச் சட்டமும் தெரிஞ்சவர். ஒரு வழி பாருங்கோ."

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாச் சட்டமும் தெரிந்தவர் என்று அவர் சொன்னது புகழ்ச்சியா ஏச்சா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

சபைக் கூட்டத்தில் விடயத்தை வைத்தேன். தலைவர் சுருட்டு வியாபாரி, நல்ல மனிதர். கூட்டம் சுருக்கமாக முடிய வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. ஒழுங்கைக்குப் பெயர் என்ற சொல் வெளியே வந்ததும் அந்தக் கொள்கை பறந்தது.

கோயில் வட்டாரத்து மெம்பர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழும்பினார். "ஒழுங்கை தொடங்குறது கோயிலடியிலை. நாயனக்காரர் வாழ்நாள் முழுக்க நடந்து வாசிச்ச இடம். பெயர் வைக்கிறதெண்டா அவரின்ரை பெயர்."

தோட்டப் பகுதி மெம்பர் வாத்தியாரிடம் படித்தவர், சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக்கராக இருந்தவர். "நடந்தது எண்டு பாத்தா மாடும்தான் நடந்தது. எங்களுக்குக் கண்ணைத் திறந்தது வாத்தியார்."

"கண்ணைத் திறக்கக் கொழும்பிலை வேறை ஆள் இருக்கு."

"சும்மா இருங்கோ ரண்டு பேரும்," என்றார் தலைவர். "காணி தாறது ஆர்? தண்டயலின்ரை மகள். அவ கேக்கிறது தேப்பன்ரை பெயர்."

"தண்டயலுக்குச் சான்றிதழ் இருக்கோ?" என்று கேட்டார் தோட்டப் பகுதி மெம்பர்.

அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். முந்திய வருடம் அவருடைய மாமனாரின் பெயரைக் கொண்டு வந்தபோது அதே பந்தியை வாசித்துக் காட்டியிருந்தேன். மாமனார் அப்போது பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"இல்லையே," என்றார் அவரே. "அப்ப கடதாசிப்படி தண்டயல் சீவனோடை இருக்கிறார். சீவனோடை இருக்கிற ஆளுக்கு வீதி இல்லை. நான் சொல்லேல்லை, சட்டம் சொல்லுது."

தண்டயல் உயிரோடு இருக்கிறார் என்று ஊரில் ஒரு ஆள் சொல்லி நாங்கள் கேட்டுப் பழக்கம். அதைச் சட்டமும் சொல்லும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. கூட்டக் குறிப்பில் 'பிற்போடப்பட்டது' என்று எழுதினேன். சபைகளின் அகராதியில் மிகவும் கண்ணியமான சொல் அது.

பெயர் பிற்போடப்பட்டாலும் அளவை பிற்போட வேண்டியதில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு தண்டயல் வீட்டு முடக்குக்குப் போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தார். தாயார் வேலியோரம் வந்து நின்று நாடாவின் மற்ற நுனியைத் தானே பிடித்துக்கொண்டார். நெற்றியில் பெரிய பொட்டு. பிறகு தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தார்.

"தம்பி, ஒழுங்கைக்குப் பெயர் வைக்கினமாமே."

"ஓம் அக்கா. கதை நடக்குது."

"செத்தவையின்ரை பெயரைத்தானே வைக்கிறது?"

நான் நாடாவைச் சுருட்டத் தொடங்கினேன். "சட்டம் அப்பிடித்தான் சொல்லுது."

"சட்டத்துக்கு என்ன விசர். செத்தவருக்கு ரோட்டு என்னத்துக்கு? வாறவருக்குத்தானே ரோட்டு வேணும்." சொல்லிவிட்டு, பனங்கட்டி இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் தோட்டக் கிணறு என் தகப்பன் வழிச் சகோதரர்கள் பலருக்கும் பொது. காணி உறுதிப் பத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் 'பிரிபடாத பங்கு' என்று இருக்கும். காணியைத் துண்டு போடலாம், கிணற்றைத் துண்டு போட முடியாது. ஆகவே பங்கு உண்டு, எல்லை இல்லை. இந்த மூலைத் தண்ணீர் எனக்கு, அந்த மூலைத் தண்ணீர் உனக்கு என்று விசரன்கூடச் சொல்ல மாட்டான். இன்று உன் முறை, நாளை என் முறை, அவ்வளவுதான். அடுத்த என் முறை நாளில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அது பிடிபட்டது.

வீட்டுக்கு வந்து சுற்றுநிருபத்தை மறுபடி வாசித்தேன். பெயர் இறந்த ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்று இருந்தது. இறந்த ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. எங்களிடம் இரண்டு இறந்தவர்கள் முறைப்படி பதியப்பட்டு இருந்தார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும் என்றும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு வீதி கூடாது; நாங்கள் கேட்பது ஒரு வீதி. விதியில் இல்லாததைக் கேட்க எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. என் உத்தியோக வாழ்க்கை முழுவதையும் நான் இந்த ஒரு வசனத்தின் மேல்தான் நடத்தினேன்.

அடுத்த கூட்டத்தில் வரைவை வாசித்தேன். முதலெழுத்து இல்லாமல் வெறும் பெயர். 'இப்பெயரைத் தாங்கிய இவ்வூராரைப் பெருமைப்படுத்தும் முகமாக'. இணைப்பு: வாத்தியாருடைய சான்றிதழ், நாயனக்காரருடைய சான்றிதழ். நினைவாக என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருந்தேன்.

தலைவர் முதலில் பிடித்துக்கொண்டார். "கிணத்துப் பங்கு மாதிரியோ?"

"ஓம். பெயர் ஒண்டு. பங்கு பிரிபடாது."

"தண்டயல்?" என்றார் தோட்டப் பகுதி மெம்பர்.

"அவரைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை."

அவர் கொஞ்சம் யோசித்தார். வாத்தியாரின் மாணவன், சுற்றிப் போகாத வழியைக் கண்டால் தெரியும். தலையாட்டினார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கோயில் வட்டாரத்து மெம்பர், "கிணறெண்டா முறை வேணுமே," என்றார்.

"என்ன முறை?"

"பெயர்ப் பலகைக்கு வருசா வருசம் பெயின்ற் அடிக்கவேணும். எந்த வருசம் எந்தப் பகுதி? பேந்து எங்களை ஏமாத்தக் கூடாது."

அன்று இருட்டும் வரை அதைத்தான் கதைத்தோம். பெயர் யாருக்கு என்று வந்த சண்டை அரைமணித்தியாலம். பலகைக்கு யார் முதலில் பெயின்ற் அடிப்பது என்ற சண்டை அதைவிட நீண்டது. உயிரோடு இருக்கிற சவாரிக்காரருக்கும் டொக்டருக்கும் பங்கு உண்டா என்று ஒருவர் கேட்க, முன்னோர் விட்ட முதுசம் என்றால் உரித்து எல்லாருக்கும் உண்டு, வரிசையில் நிற்கட்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். கடைசியில் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். முதல் முறை தண்டயல் வீட்டுக்கு விழுந்தது. சாமியின் பெயர் என்பதால் சாமியின் தீர்ப்பை எவரும் மறுக்கவில்லை.

மருத்துவமாதிடம் சொன்னபோது அவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அப்பாவுக்கு ஒரு கடதாசியும் வேண்டாமோ?"

"வேண்டாம்."

"அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"ஊரிலை இந்தப் பெயர் உள்ள எல்லாருக்கும் எண்டு சொல்லும். அதிலை பொய் இல்லை."

அடுத்த கிழமையே வேலியைப் பிடுங்கி உள்ளுக்கு எடுத்துவிட்டார். அனுமதி வர முதல் அப்படிச் செய்வது முறையல்ல என்று சொல்லப் போனேன்.

"நோக்காடு வந்தவ கொழும்பைக் கேட்டுப்போட்டோ அண்ணை பிள்ளை பெறுவா?" என்றார். கதியால் நட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் ஒரு கதியாலைப் பிடித்தேன். பிடித்தது உத்தியோக முறையில் அல்ல.

விண்ணப்பம் கொழும்புக்குப் போயிற்று. அந்தக் காலத்தில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் இல்லை, சந்திரனைப் பார்த்து வருகிற போயா நாளில். சந்திரன் பலமுறை வளர்ந்து தேய்ந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்தது. எங்கள் சபையில் எவருக்கும் வாசிக்கத் தெரியாது, எழுதியவருக்கும் அது தெரிந்திருக்கும். சந்தியில் பேக்கரி வைத்திருந்த தென்பகுதிக்காரரிடம் கொண்டுபோனேன். மாக் கையைத் துடைத்துவிட்டு வாசித்தார். "எந்த ஆள் எண்டு கேக்கிறாங்கள் ஐயா," என்றார். "எனக்கும் இந்த ஊருக்கு வந்த புதிசிலை அதுதான் பிரச்சினை."

விதியை மேற்கோள் காட்டிப் பதில் எழுதினேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க அனுப்பப்பட்டார். தீவுப்பகுதிக்காரர், இளைஞர், நெற்றியில் திருநீறு, கையில் தோல் பை. தலைவரும் இரண்டு மெம்பர்களும் நானும் அவரோடு ஒழுங்கையில் நடந்தோம். கோயிலடி, தோட்டங்கள், எல்லாம் பார்த்தார். முடக்கில் வந்து நின்றார்.

"இந்த வேலியை ஆர் எடுத்தது?"

"தண்டயல் வீடு," என்றார் தலைவர், வாய் தவறி.

"தண்டயலின்ரை பெயர் என்ன?"

வெற்றிலை மெம்பர் கடலைப் பார்த்தார். கடல் அங்கேயே இருந்தது. அப்போது படலை திறந்தது. தாயார், நிறச் சேலையும் பொட்டுமாக, வந்திருப்பவர் யாரென்று பார்க்க வந்தார். அதிகாரி அவரையே கேட்டார். கணவரின் பெயரைச் சொல்ல மாட்டார் என்பதால் கோயில் கோபுரத்தைக் கையால் காட்டினார்.

"அதே பெயரோ?"

"ஓம் தம்பி."

"ஐயா எங்கை?"

"கடலிலை."

"எப்ப போனவர்?"

"மார்கழியிலை."

எந்த மார்கழி என்று அவர் சொல்லவில்லை. அதிகாரி பேனையைத் தாளில் வைத்தபடி நின்றார். தோட்டப் பகுதி மெம்பரைப் பார்த்தேன். சான்றிதழ் எங்கே என்று கேட்கப் பழகிய வாய் அது. அவர் குனிந்து வேட்டியில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் எடுத்தார். அங்கே நெருஞ்சி இல்லை.

தீவுப்பகுதியில் பிறந்தவனுக்குக் கடல் என்றால் என்னவென்று தெரியும். அதிகாரி தாயாரின் நெற்றியை ஒருமுறை பார்த்தார், பேனையால் ஒரு வரி எழுதினார், பையை மூடினார். "சரி அம்மா," என்றார். "ரோட்டு நல்ல அகலமாத்தான் இருக்கு."

"கார் திரும்பும்," என்றார் அவர். "வாறவைக்கு லேசு."

அதற்குப் பிறகு கொழும்பு மௌனமாயிற்று. முதலாவது நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல், 'மேற்படி விடயம் தொடர்பாக' மூன்றாவது நினைவூட்டல். பலகை தயாராகி, வெள்ளைப் பூச்சோடு, எழுத்தில்லாமல், என் அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது. அதற்குள் ஒழுங்கையால் கார்கள் போகத் தொடங்கிவிட்டன. கரையோரத்தில் பிறந்த முதல் ஆண்பிள்ளைகளுக்கு ஐயர் வழக்கம்போல் அதே பெயரைக் காதில் சொன்னார். கதிரையில் தூக்கி வந்த காலத்தை மறந்துவிட்டார்கள், அதுதான் ரோட்டின் வேலை. தாயார் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும் வழியில் கந்தோர் யன்னலோரம் நின்று, "தம்பி, பதில் வந்ததோ?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்டால் எனக்கு வேறு எங்கேயாவது பார்க்க வேண்டும்போல் இருக்கும். இல்லை அக்கா, வரும் என்பேன். வரும்தான் என்று சொல்லிவிட்டுப் போவார்.

வந்த கடிதம் இந்த முறை தமிழிலேயே இருந்தது. ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி. கூடவே அதிகாரியின் அறிக்கையின் பிரதி. அதில் வாத்தியார் இறந்தவர், சான்றிதழ் பார்க்கப்பட்டது. நாதஸ்வர வித்துவான் இறந்தவர், சான்றிதழ் பார்க்கப்பட்டது என்று இருந்தது. அதன் கீழே: 'இப்பெயருடைய வேறு சிலரும் இவ்வூரில் உளர். அவர்களுள் ஒருவர் தற்போது கடற்பயணத்தில் உள்ளார்.' கீழே கையொப்பம், அதன் மேல் மேலதிகாரியின் கையொப்பம், முத்திரை.

நான் எத்தனையோ அரசாங்கக் கடதாசிகளைக் கையாண்டிருக்கிறேன், பலவற்றை நானே எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு வசனத்தில் முத்திரை விழுந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். தபால் முதலில் தலைவருக்குப் போக வேண்டும் என்பது விதி. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு முடக்குக்குப் போனேன். மகள் வாசலிலேயே நின்று அதை உரக்க வாசித்தார். தாயார் கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார், மறுபடியும் சொன்னார். பிறகு பலகையை எப்போது கொண்டு வருவேன், பெயின்ற் என்ன நிறம், முதல் முறை தங்களுடையதுதானே என்று கேட்டார். ஓம் அக்கா, உங்கடை முறைதான் என்றேன். கந்தோருக்குத் திரும்பி வந்து, கோவையின் அட்டையில், பதில் கிடைத்த திகதி என்ற இடத்தில், என் வாழ்நாளில் எழுதிய மிக அழகான எழுத்தில் எழுதினேன்: 1969 ஆனி 10, செவ்வாய்க்கிழமை.